கலெக்‌ஷன் அண்ணன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காக்கிச் சட்டைப் பையில் ஒரு ஸ்டீல் ரூல், ஒரு டெஸ்டர், ஒரு நீலப் பேனா, நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாள். முதல் இரண்டும் கம்பெனி வேலைக்கு. பின் இரண்டும் இவருடைய வேலைக்கு.

பத்து மணி டீ வந்து, எண்ணெய்க் கையைக் காட்டன் வேஸ்ட்டில் துடைத்துவிட்டு நீங்கள் டம்ளரை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார். "தம்பி, க்யூசில கீற பொண்ணுக்குக் கல்யாணம். தெரியும்ல?" தெரியாது என்று தப்பிக்கப் பார்த்தால் பெண்ணின் ஊர், மாப்பிள்ளையின் வேலை, மண்டபம், மண்டபத்தில் வண்டி விட இடம் கிடையாது என்பது வரைக்கும் சொல்லிவிட்டு, அப்புறமும் தாளை நீட்டுவார். தெரியும் என்று சொல்லிவிட்டால் டீயையாவது சூடாகக் குடிக்கலாம்.

இவருக்கு செட்டர், ஸ்டோர் கீப்பர், டூல் ரூம் சீனியர் என்று ஏதோ ஒரு பதவி உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி விழிப்பார். கலெக்‌ஷன் அண்ணன் என்றால் உடனே கை காட்டுவார்.

வசூல் நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். தாளில் முதல் பெயர் யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் ஆள் நூறு எழுதினால் கடைசி ஆள் வரைக்கும் நூறுதான். அதனால் முதல் போணி எப்போதும் புரொடக்‌ஷன் மேனேஜர். ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் அவர் மேஜைக்கு வருவதற்கு முன்னால், நேரம் பார்த்துக் கண்ணாடி அறைக்குள் நுழைவார். "சார், உங்க கைராசி." ஐந்நூறு. அடுத்து அக்கவுன்ட்ஸ். மேனேஜர் ஐந்நூறு போட்ட தாளில் இருநூறுக்குக் கீழே இறங்க அக்கவுன்ட்ஸ்காரருக்கு மனம் வராது. மெஷின்கள் ஓடும் பக்கம் வந்ததும் தாள் மடிகிறது. மேலே இருந்த பெயர்களெல்லாம் உள்ளே போய்விடும். ஹெல்பரிடமும் கான்ட்ராக்ட் பையனிடமும் நீட்டும்போது தெரிவது வெறும் வெள்ளைப் பக்கம்தான். இருபது ரூபாய் எழுதுகிறவன் கண்ணில் அந்த ஐந்நூறு படக் கூடாது. இதை அவர் யாரிடமும் விளக்கியது கிடையாது. கேட்டால், "தாள் பெருசுபா, பையில நிக்க மாட்டேங்குது" என்பார்.

ஒரு கம்பெனியில் டிசைன் செக்‌ஷனுக்கு வந்த புதுப் பையன் ஒருவன், இந்தக் காலத்தில் தாளா என்று கேட்டு, ஒரு கல்யாணப் பரிசுக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தான். ஜிபேயில் போடுங்கள், ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்றான். முதல் ஸ்கிரீன்ஷாட் 51 ரூபாய். அடுத்து வந்த பன்னிரண்டும் 51. பதினான்காவது ஆள் 11 ரூபாய் போட்டு, பக்கத்தில் கைகூப்பும் பொம்மையும் போட்டார். சேர்ந்த பணத்தில் குக்கரின் வெயிட்டும் கேஸ்கட்டும்தான் வாங்கியிருக்க முடியும். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பத்து மணிக்கு மடித்த தாளோடு வந்தார். ஐந்து லிட்டர் குக்கர் வந்து சேர்ந்தது.

அடுத்தவர் விஷயத்தில் இவர் மூக்கு நுழையாத இடமில்லை. உங்கள் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்பது உங்களைவிட முன்னால் இவருக்குத் தெரிந்திருக்கும். பவர் பிரஸ் போடுகிற சத்தத்துக்கு நடுவே இவர் ரகசியம் பேசுகிற அழகே அழகு. "இன்னா தம்பி, மூஞ்சி ஒரு மாரி கீது, வூட்ல சண்டையா?" என்று காதோரம் கத்துவார். சத்தம் அந்த நொடியில் பார்த்து நின்றிருக்கும். ஷெட் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மானம் போனதே என்று நீங்கள் குனிந்து நிற்பீர்கள். அரை மணி கழித்து வெல்டர் ஒருவர் வந்து, "இந்த வாரம் நைட் ஷிப்ட் நான் பாத்துக்கறேன், நீ வூட்டுக்குப் போ" என்பார். யார் சொன்னது என்று கேட்கத் தேவையில்லை.

ஆவடி டாங்கி ஃபேக்டரி மாதிரி 1961-லிருந்து இருக்கிற பெரிய இடங்களில் யூனியன் உண்டு. ஓர் ஆளுக்கு ஒன்றென்றால் ஓடிவர நாலு பேர் உண்டு. 1964-ல் அரசு தொடங்கி இன்று சிட்கோ பார்த்துக்கொள்கிற இந்த எஸ்டேட்டிலோ முப்பது பேர், ஐம்பது பேர் வேலை செய்கிற பட்டறைகள்தான் அதிகம். ஹெச்.ஆர். என்பவரே சம்பளக் கணக்குப் போடுகிற கிளார்க்காக இருப்பார். 2019 ஜூலையிலிருந்து இ.எஸ்.ஐ.-க்கு நம் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், உடம்பு முடியாமல் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும் என்பதையெல்லாம் யார் சொல்வது? அண்ணன் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் லோக்கலுக்கு நிற்கும்போது அடுத்த கம்பெனிக்காரருக்கும் சேர்த்துச் சொல்வார்.

ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்குக் காய்ச்சல் விடவில்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் உட்கார வைத்துக்கொண்டு முதலில் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, அங்கே எழுதிக் கொடுத்த சீட்டோடு அயனாவரம் ஆஸ்பத்திரி. வழி நெடுக அண்ணனின் இந்தி: "தும் பயப்படாதே. டாக்டர் அச்சா ஹை. ஊசி தோடா வலி, பஸ்." பையனுக்கு எல்லாம் புரிந்தது. சாயங்காலம் திரும்பியபோது பையனின் மாத்திரைப் பொட்டலத்தோடு, க்யூவில் முன்னால் நின்றவர் கொடுத்த ஒரு வரன் ஜாதகமும் அண்ணன் பையில் இருந்தது.

வரன் என்றதும் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவர்களை இவர் டெலிவரி தேதி தாண்டிய ஆர்டர் மாதிரிப் பார்க்கிறார். திங்கட்கிழமைதோறும் விசாரணை உண்டு. இதற்காகவே இவர் இருக்கும் பக்கம் போகாமல் சுற்றி நடந்து டாய்லெட் போகிறவர்கள் இருக்கிறார்கள். பரிசுப் பொருள் விஷயத்திலும் சர்வாதிகாரிதான். குக்கர், குத்துவிளக்கு, சுவர்க் கடிகாரம், இந்த மூன்றைத் தாண்டி உலகத்தில் பொருள் கிடையாது. கடிகாரமென்றால் மணமக்கள் பெயரைவிடக் கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும்.

பழைய பட்டறைகள் இருந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்கள் எழும்பிய பிறகு, அவற்றைப் பார்த்து மிச்சமிருக்கும் பட்டறைகளுக்கும் அந்த மாதிரி வகுப்பு நடத்த ஆசை வந்துவிட்டது. அப்படி ஒரு கம்பெனியில் 'பணியிடப் பண்பாடு' என்று ஒரு நாள் வகுப்பு. வெளியிலிருந்து ஒரு மேடம் வந்தார். திரையில் சிகாகோ பக்கத்து ஹாத்தார்ன் தொழிற்சாலை. 1924-லிருந்து 1932 வரை அங்கே ஆராய்ச்சி நடந்ததாம். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது; தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்பதே தொழிலாளிக்குத் தெம்பு என்று விளக்கினார். (பிற்பாடு அந்தக் கணக்கைத் தோண்டியவர்கள் அவ்வளவு ஏற்றமெல்லாம் இல்லை என்றும் சொன்னார்கள், அது திரையில் வரவில்லை.) சக ஊழியரிடம் தினமும் ஒரு நல்ல கேள்வி கேளுங்கள் என்று எழுதிப் போட்டார். கடைசி வரிசையில் எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். ஒன்றோடு நிறுத்தினால் தேவலை என்றது ஒரு குரல்.

"யாருக்காவது டவுட்?" என்றார் மேடம்.

அண்ணன் எழுந்தார். மேடத்துக்கு முகம் மலர்ந்தது.

"ஒண்ணுமில்ல மேடம். டிஸ்பாட்ச் பையனுக்கு ராத்திரி பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. சிசேரியன். எல்லா டிபார்ட்மென்ட்டும் ஒரே ரூம்ல இப்படி அமையறது கஷ்டம். நீங்களும் வெளியூர்லேர்ந்து வந்த லட்சுமி மாரி கீறீங்க" என்று பையிலிருந்து தாளைப் பிரித்தார். "உங்க கைராசி, மொத போணி நீங்களே பண்ணிடுங்க."

நூறா, ஐந்நூறா என்று மேடம் யோசிப்பதற்குள் பேனா மூடியைக் கழற்றி நீட்டியாயிற்று.