யாரு சொன்னது?

பசறை ரோட்டுத் தோட்டங்களில் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பதுளை டவுனில் கொமினிகேஷன் கடை வாசலில், ரீலோட் போட்டு முடித்த பிறகும் போகாமல் நின்று, அடுத்தவர் போனை எட்டிப் பார்க்கிறாரே, அவர்தான். முப்பதைத் தாண்டியவர், நாற்பதை ஒப்புக்கொள்ளாதவர். எந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கதை என்னவென்று கேட்கமாட்டார். "யாரு சொன்னது?" என்பார்.

ஜப்பான் அனிமே இவருக்கு நெடுங்காலமாக 'பொம்மைப் படம்'. அக்கா மகன் லயத்து வாசல்படியில் குந்தி, கண்ணாடி வெடித்த போனைச் சிக்னல் வரும் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து நருட்டோ பார்ப்பான். போகிற போக்கில் அவன் மண்டையில் ஒரு தட்டு. "ஓ.எல். சோதனைக்கு இதையாடா கேக்கப் போறாங்க?"

2023இல் நிலைமை தலைகீழானது. இந்தியாவில் அனிமேக்கு ஆள் சேர்க்க, அனிமே தளமான கிரஞ்சிரோல் நிறுவனம் ரஷ்மிகா மந்தனாவையும் டைகர் ஷெராஃபையும் விளம்பரத்தில் இறக்கியது. மறுவருடம் மார்ச்சில் டோக்கியோவில் நடந்த அனிமே விருது விழாவில் ரஷ்மிகாவே மேடையேறினார். அவர் நருட்டோ ரசிகை என்ற செய்தி எப்படியோ நம்மவர் காதுக்கும் எட்டியது. அன்றிரவே கட்சி மாறிவிட்டார்.

"டேய், 'வாரிசு'ல விஜய்யோட ஆடின புள்ளையே பாக்குதாம். அந்த நெத்தியில பட்டி கட்டின பொடியன் படத்தைப் போடு."

"மாமா, நான் சின்னப்புள்ளையில இருந்து பாக்குறேனே!"

"நீ பாத்தா போதுமா? நீ யாரு?"

கேள்வி நியாயமானதுதான். லக்ஸ் சோப்பை நடிகை முகம் பார்த்து வாங்கிய வம்சம் நாம். பையனுக்குக் கட்அவுட் கிடையாது.

இவரை உண்மையிலேயே திணறடித்தது ஒரு நாரை. ஜப்பானிய அனிமே இயக்குநர் மியாசாகியின் 'தி போய் அண்ட் தி ஹெரன்' படத்தை 2023 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்டபோது ட்ரெய்லர் இல்லை, விளம்பரம் இல்லை, யார் குரல் கொடுத்தார்கள் என்றுகூட முன்கூட்டிச் சொல்லவில்லை. பறவை வரைந்த ஒற்றைப் போஸ்டர், அவ்வளவுதான். கூட்டம் வந்தது, 2024இல் ஒஸ்காரும் வந்தது. அந்தப் போஸ்டரைப் போனில் பார்த்தவர் மேலும் கீழும் தள்ளித் தேடினார். ஒரு நடிகர் முகமும் அகப்படவில்லை. ஆங்கில டப்பிங்கில் நாரைக்குப் பேசியவர் பேட்மேனாக நடித்த ரொபர்ட் பட்டின்சன் என்று மருமகன் எடுத்துக் கொடுத்த பிறகுதான் முகத்தில் களை வந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பிரசங்கம்: "பேட்மேன் கொக்கா வர்ற படம், பாத்தீங்களா?"

பாவம், இராவணனுக்கும் இவரிடம் இதே கதிதான். இராவணன் நீர்வீழ்ச்சி இங்கே எல்ல – வெல்லவாய ரோட்டோரம் கொட்டிக்கொண்டிருக்கிறது, குகையும் பக்கத்தில். ஜப்பானியரும் இந்தியரும் சேர்ந்து எடுத்த 1993ஆம் ஆண்டு இராமாயண அனிமே, 2025 ஜனவரியில் தமிழிலும் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. சொந்த ஊர்க்காரன் கதை என்று அசைந்தாரா? 'பாகுபலி' கதாசிரியர் விஜயேந்திர பிரசாத் பெயர் அதில் அடிபட்ட பிறகே அசைந்தார்.

நட்சத்திரம் சொல்வதற்குப் பலனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலில் நடந்ததைப் பாருங்கள். 2019இல் 'வெதரிங் வித் யூ' இந்தியத் திரைக்கு வரக் காரணம் எந்த நடிகரும் அல்ல; ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கையெழுத்திட்ட மனு. 2025 செப்டம்பர் 12இல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' இந்தியாவில் தமிழ்க் குரலோடும் வெளியானபோது, முந்திக்கொண்டு டிக்கெட் எடுத்தவர்கள் அதன் நாயகன் டான்ஜிரோவின் குடும்பக் கதையை மனப்பாடம் செய்த பொடியன்கள். ரஷ்மிகாவின் புண்ணியத்தில் நடந்தது வேறு: மீசை வைத்தவர்களுக்கும் கார்ட்டூன் பார்க்கிற வெட்கம் போனது. விளம்பரக் கம்பனிகள் இந்த மீசைகளின் பணப்பையைத்தான் குறிவைக்கின்றன, கணக்குத் தப்பவில்லை.

இப்போது நம்மவர் போன் முகப்பில் டான்ஜிரோ. டேட்டா மட்டும் இன்னும் மருமகன் போனிலிருந்துதான். ஆகவே, பதுளைப் பக்கம் யாராவது உங்களுக்கு அனிமே சிபாரிசு செய்தால், அவரை விட்டுவிட்டு வாசல்படியில் இருக்கும் பையனைக் கேளுங்கள். கேட்கும்போது அவனுக்கு ஒரு ரீலோட்டும் போட்டுவிடுங்கள்.