எல்லாரையும் அரவணைப்பது எப்படி? முதியோர் நிலையத்தின் புதுப் பொறுப்பாளருக்குச் சில யோசனைகள்

சிங்கப்பூரில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் முதியோர் நிலையம் உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. வாழ்த்துகள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு 1989 முதல் இன விகிதாசாரம் இருப்பதால் சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லாரும் மேல் மாடிகளில் கலந்தே இருக்கிறார்கள். தேடிப் பிடிக்கும் வேலை மிச்சம். அரவணைப்பதுதான் பாக்கி.

முதல் வேலை பதிவுப் படிவம். இனத்துக்கு நான்கு கட்டங்கள் போதும். தமிழ் முஸ்லிம் தாத்தா ஒருவர் வந்து குழப்புவார். ‘இந்தியர்’ கட்டத்தில் போட்டால் மலாய் நண்பர்களோடு ஹரி ராயா விருந்துக்கு அழைப்பு வராது. முஸ்லிம் என்பதால் ‘மலாய்க்காரர்’ என்று குறித்தால் தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சிக்கு வராது. எப்படிப் போட்டாலும் ஒரு செலவு மிச்சம்.

சாப்பாட்டில் ஒரே விதி: இந்தியர் என்றால் சைவம். கோழிக்கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாத பாட்டிக்கும் சோயாவில் செய்த ‘சைவ மட்டன்’ பொட்டலத்தையே நீட்டுங்கள். குவான்யின் அம்மனை வேண்டிக்கொண்டு காலமெல்லாம் மாட்டிறைச்சியைத் தொடாத சீன ஆன்ட்டிகளும் உண்டு. அது படிவத்தில் இல்லை, ஆகவே உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பன்றி இறைச்சி இல்லை என்று அட்டையில் எழுதிவிட்டால் ஹலால் ஆகிவிட்டது என்று நம்புங்கள். நாற்காலி உடற்பயிற்சியை வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு வையுங்கள். மலாய் ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள், நாற்காலிகள் தாராளமாகக் கிடைக்கும்.

மொழி விஷயத்தில் தடுமாறாதீர்கள். ஆங்கிலத்தில் ஒரு தடவை, மாண்டரினில் ஒரு தடவை. சீனப் பாட்டி விழித்தால் ‘காது மந்தம்’ என்று கோப்பில் எழுதுங்கள். அவர் வாழ்நாளெல்லாம் ஹொக்கியன் பேசியவர். 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபோது சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார், வகுப்புக்குப் போக நேரமில்லை. 2016இல் மூத்தோருக்குச் சலுகைகளை விளக்க அரசாங்கமே ஹொக்கியனில் தொலைக்காட்சி நாடகம் எடுக்க வேண்டியிருந்தது. இருக்கட்டும், அவர்களுக்குப் பட்ஜெட் பெரிது. தமிழும் அதிகாரத்துவ மொழியாயிற்றே என்பீர்கள். கதவில் ‘வாருங்கள்’ என்று ஒட்டிவிடுங்கள். துணைக்கால் கழன்று வேறெங்கோ போய் நின்றாலும் பரவாயில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அதையும் மனமகிழ் நடவடிக்கையாகக் கணக்கில் சேர்க்கலாம்.

தீபாவளிக் கொண்டாட்டத்தைத் தீபாவளிக்கு முந்திய நாள் வைப்பது நல்லது. தமிழ்ப் பாட்டிகள் அத்தனை பேரும் வீட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டிருப்பார்கள். எனவே சேலை கட்டுவது எப்படி என்று குறுக்கே வந்து சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். சீன ஆன்ட்டிகளுக்குப் பத்துப் பதினைந்து ஊக்குகளால் சேலையைக் குத்திவிட்டு, வண்ண அரிசிக் கோலத்தைச் சுற்றி நிற்க வைத்துப் படம் எடுங்கள். நன்கொடையாளருக்குப் போகும் படம் அது. பளிச்சென்று வரவேண்டும்.

உண்மையான ஆபத்து எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நீங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே வெளியே கல்மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவரின் மனைவியான தமிழ்ப் பாட்டி ஒருவர், ஒரு மலாய் மக்சிக், ஒரு தியோச்சியூ அங்கிள். பாட்டி டப்பாவைத் திறந்து பொடி தடவிய இட்லியை நகர்த்துவார். மக்சிக் ஒன்றும் விசாரிக்காமல் எடுப்பார். அந்த வீட்டு அடுப்பில் எது ஏறும், எது ஏறாது என்று அவருக்கு முப்பது வருடமாகத் தெரியும். அங்கிள் கோப்பியைச் சாசரில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டே தனக்கு விழாமல் போன நாலு நம்பர் லாட்டரியைத் திட்டுவார். பேச்சு முழுக்கப் பழைய சந்தை மலாய். முழங்கால் வலி, மருமகள், லிஃப்ட் ரிப்பேர் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

இதற்குப் பதாகை இல்லை, வருகைப் பதிவு இல்லை. இப்படியே விட்டால் உங்கள் பதவி எதற்கு என்று மேலிடம் கேட்கும். உடனே கலையுங்கள். மொழிவாரியாக மூன்று மேசைகளில் பிரித்து உட்கார வையுங்கள். அதன் பிறகு ஜூலை 21, இன நல்லிணக்க நாளன்று, ஒரே அறையில் ஒன்று சேர்த்துவிடுங்கள். 1964 இனக் கலவரத்தின்போது ஊரடங்குக்குள் பக்கத்து வீட்டுக்கு அரிசி அளந்து கொடுத்தவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரரை மதிப்பது எப்படி என்று இருபது வயதுத் தொண்டூழியர் ஸ்லைடு போட்டு விளக்கட்டும். கேள்வி நேரம் வேண்டாம்.

கடைசியாகக் கருத்துப் படிவம். ஆங்கிலத்தில் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழுத முகம். மைலோ பாக்கெட்டும் கோடாலித் தைலமும் போட்ட அன்பளிப்புப் பையை அதே மேசையில் கண்ணில் படும்படி அடுக்கிவையுங்கள். சிரித்த முகத்தை வட்டமிட்டால்தான் பை கிடைக்கும் என்று வரிசையில் யாரோ கிளப்பிவிடுவார்கள். மறுக்க அவசரப்படாதீர்கள்.