சோறுதான் மாப்பிள்ளை!

கேள்வி: கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சோறு, கறி, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் புளிக்கவிட்டால் ஹைட்ரஜன் வருமா?

பதில்: வரும். ஆனால், இந்தப் பந்தியில் வெறும் சோறுதான் மாப்பிள்ளை! மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் ஹைட்ரஜனை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியாவுக்குப் பிடித்த தீனி. ஒரு மூலக்கூறு குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 4 மூலக்கூறு ஹைட்ரஜன். கூடவே உண்டாவது அசிட்டிக் அமிலமாக இல்லாமல் பியூட்டிரிக் அமிலமானால் 2தான். கறியும் கொழுப்பும் தருவது சொற்பம். புரதம் சிதைந்து அம்மோனியா பெருகினால் பாக்டீரியாவே முடங்கிவிடும்.

தொட்டிக்குள் ஒரு திருடனும் உண்டு: மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர். உண்டான ஹைட்ரஜனை அங்கேயே தின்று தீர்த்துவிடும். அதனால்தான் உறை ஊற்றுவதுபோல் விடும் சாணக் கரைசலை முதலில் நன்றாகச் சூடாக்குகிறார்கள். திருடன் காலி, குளோஸ்ட்ரிடியமோ கெட்டி ஓட்டுக்குள் வித்தாகச் சுருண்டு பிழைத்துக்கொள்ளும்.

சோற்றுக்குத் தனி வாளி வையுங்கள். கொழுப்பும் கறியும் மீத்தேன் தொட்டிக்குப் போகட்டும். அங்கே திருடனே சமையல்காரன்!