பல்லாவரம் கல், கல்கத்தா கல்லறை

கேள்வி: எங்கள் வீட்டு அஸ்திவாரம் பல்லாவரம் கருங்கல். அதே கல் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரர் கல்லறையில் இருக்கிறதாமே, நிஜமா?
– ஒரு வாசகி, படப்பை

பதில்: நிஜம்தான் அம்மா! கல்கத்தா உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக். 1690-களில் அவர் இறந்தபோது, கல்லறைப் பலகைக்கு நம்மூர்க் கல்தான் போயிற்று. புனித ஜான் தேவாலய வளாகத்தில் இன்றும் பார்க்கலாம்.

சுமார் 200 ஆண்டுகள் கழித்து, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பலகையை ஆராய்ந்து 1893-ல் கட்டுரையே எழுதினார். பாறைக்குச் 'சார்னகைட்' என்று பெயரும் வைத்தார். இன்று உலகம் முழுக்க அதுதான் பெயர். பல்லாவரத்தில் பிறந்த கல்லுக்கு, அதன் அடியில் படுத்திருப்பவர் பெயர்! 'பல்லாவரைட்' என்று வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தம்.

வயதைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள்: சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவானது. மேலிருந்த பாறையெல்லாம் கரைந்து போனபிறகே பரங்கிமலையாகவும் திரிசூலமாகவும் வெளியே தெரிகிறது. இந்தியாவோடு ஒரு காலத்தில் ஒட்டியிருந்த அண்டார்டிகாவிலும் இந்த இனப் பாறை உண்டு.

புதிதாக உடைத்த துண்டில் தண்ணீர் தெளித்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பும், நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறமும் தெரியும். ஜல்லி லாரி வந்தால் பிள்ளைகளுக்கும் ஒரு துண்டு எடுத்துக் காட்டுங்கள்.