காரணமின்றி ஓடுதல்: செஞ்சி வட்டார விடியற்கால ஓட்டம் குறித்து ஒரு சிற்றாய்வு

1. சிக்கல்

செஞ்சியில் இதுவரை ஓடிய அனைவருக்கும் காரணம் இருந்தது. கோனார், நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிய ஒவ்வொரு முறையும் ஒரு சாரார் உள்ளே ஓடினர். மறுசாரார் வெளியே ஓடினர். எவரும் உடல்நலம் கருதி ஓடியதாகச் சான்றில்லை.

ஆனால் அண்மைக் காலமாக, விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவண்ணாமலை சாலையில், கிளிப்பச்சைப் பனியனும் அரைக்கால் சட்டையும் அணிந்த நடுவயது மனிதர் ஒருவர் ஓடக் காண்கிறோம். பின்னால் துரத்துவார் இல்லை (நாய் நீங்கலாக, அது பின்னர் வரும்). முன்னால் போகும் பேருந்தும் இல்லை. ஒரு மணி நேரம் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார். கறவை மாட்டை ஓட்டிவரும் பெரியவர் நின்று கேட்கிறார்: "எங்க தம்பி இப்படி ஓடற? வூட்ல எதுனா ஆச்சா?"

"ஒண்ணுமில்ல தாத்தா, சும்மாதான்."

பெரியவர் நம்பவில்லை. ஆய்வாளரும் நம்பவில்லை. எண்ணூறு ஆண்டுக் கோட்டையூரில் ஒருவர் சும்மா ஓட முடியுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

2. முன்னோடிகள்

செஞ்சி தொடர்பான நெடுந்தூர ஓட்டங்களில் தலையாயது சிவாஜியின் இளைய மகன் இராஜாராமுடையது. 1689இல் முகலாயர் நெருக்க, மராட்டியத்தின் பன்ஹாளாவிலிருந்து யாத்திரிகர் வேடத்தில் புறப்பட்டுச் செஞ்சி வந்து சேர்ந்தார். வழியில் கேளடி அரசி சென்னம்மா அவருக்குத் துணை செய்தார். இன்றைய ஓட்டப் பந்தயங்களில் ஆங்காங்கே மேசை போட்டுத் தண்ணீரும் வாழைப்பழமும் தரும் தொண்டர்களின் மூதாதை இவ்வரசியே என்பது நம் துணிபு. வேடம் போட்டு ஓடும் வழக்கமும் இங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.

வேகத்தைப் பொறுத்தவரை இருவேறு பள்ளிகள் உண்டு. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் கோட்டையை முற்றுகையிட்டு 1698இல்தான் பிடித்தார். வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அவர் காலத்திலேயே பேச்சு எழுந்தது. கோட்டை விழுமுன் இராஜாராம் தப்பிவிட்டார். 1750 செப்டம்பரிலோ பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அதே கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். தூரம் ஒன்று, ஏற்றம் ஒன்று. ஒருவருக்கு எட்டு ஆண்டு, மற்றவருக்கு ஓர் இரவு. இன்றும் செஞ்சி ஓட்டக்காரருள் இவ்விரு மரபினரும் உள்ளனர். முதல் மரபினர் "நான் மெதுவா வரேன், நீங்க போங்க" என்பார்கள். இரண்டாம் மரபினர் அதைக் கேட்க அங்கு நிற்கமாட்டார்கள்.

3. களம்

வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே இராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்று குன்றுகளையும் இணைத்து முக்கோணமாக ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். லண்டன் ஒலிம்பிக்கில் 1908இல் ஓடப்பட்டு, பின்னர் நிலைபெற்ற மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். ஆகவே மதிலை மூன்று முறை சுற்றினால் மூன்று கிலோமீட்டர் சொச்சம் மீதமிருக்கும். அது கடைத்தெருவுக்குப் போய்த் தேநீர் குடிக்கச் சரியாக இருக்கும். கோட்டையைக் கட்டியவர்கள் இதையெல்லாம் கணக்கிட்டே கட்டினார்கள் என்று சொல்லத் துணிவில்லாவிடினும் சொல்ல ஆசையுண்டு.

ஒப்பீட்டுக்கு அண்டையூரை நோக்குக. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர்தான் கூடுதல். அங்கே சுற்றினால் புண்ணியம், இங்கே சுற்றினால் முழங்கால் வலி. இந்த ஒரு கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்பது மேலாய்வுக்குரியது.

நடைமுறையில் மதிலோரம் முழுதும் ஓட வழியில்லை. முள்ளும் பாறையும் விடாது. கோட்டைக்குள்ளே ஓடலாம் என்றால், தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு காலை ஒன்பது மணிக்குத்தான் கிடைக்கும். ஒன்பது மணிச் செஞ்சி வெயிலில் பாறைகளே நிழல் தேடும். புஸ்ஸி இரவில் வந்ததன் நுட்பம் இப்போது விளங்கும்.

எனவே ஓட்டம் சாலையில் நிகழ்கிறது. அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காய்கிறது. செஞ்சி நெல்லுக்குப் பேர்போன சந்தையூர். நெல்லை மிதித்து ஓடினால் உழவர் திட்டுவார். விலகி ஓடினால் லாரிக்காரர் திட்டுவார். இருவர் திட்டுக்கும் நடுவே உள்ள ஒன்றரை அடியே ஓட்டக்காரரின் உரிமை நிலம்.

4. உயிரினத்தின் நாள்

ஓட்டக்காரரின் நாள் முந்தைய இரவே தொடங்குகிறது. எட்டு மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுத்து, கைக்கடிகாரத்தைச் சார்ஜில் போட்டு, காலணியை வாசலருகே வைக்கிறார். வீட்டில் கேட்கப்படும் கேள்வி நிலையானது: "ரேஷன் கடைக்கு நடந்து போகச் சொன்னா வண்டி எடுக்கறீங்க. இதுக்கு மட்டும் காலு வருதா?" இவ்வினாவுக்கு இதுவரை எந்தக் கோட்பாடும் விடை தரவில்லை.

அடுத்து ஆற்றல் கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும் என்பது உடற்பயிற்சி இயலார் கூறும் எளிய வாய்பாடு. எழுபது கிலோ மனிதர் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 350. பின் அவர் கடையில் அமர்ந்து நெய் மிதக்கும் பொங்கலும் இரண்டு வடையும் "இன்னிக்கு ஓடினோமில்ல" என்று உண்கிறார். கணக்கு நேராகிறது, சில நாள் கடனாகவும் முடிகிறது. எடை குறைப்பே நோக்கம் என்னும் கருதுகோள் இத்துடன் கைவிடப்படுகிறது.

நாய்கள் பற்றி ஒரு சொல். செஞ்சி நாய்கள் பழைய மரபைக் காப்பவை. ஓடுகிறவன் குற்றவாளி என்ற நம்பிக்கையை அவை இன்னும் விடவில்லை. நின்றால் அவையும் நின்றுவிடும்.

5. ஏற்றமும் இறக்கமும்

மாதமொரு ஞாயிறு, நுழைவுச்சீட்டு வாங்கி இராஜகிரி ஏறுவது செஞ்சி ஓட்டக்காரர் குழுவின் சடங்கு. உயரம் ஏறத்தாழ 800 அடி. வழியில் குரங்குகள் ஒவ்வொருவரின் பையையும் சோதிக்கின்றன. உச்சிக்கு முன் ஆழமான பிளவொன்றும் அதன்மேல் ஒரு பாலமும் உண்டு. பகை வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்களாம். களைத்தவர் பலருக்கு அவ்விடத்தில் பாலம் எடுக்கப்பட்டிருக்கக் கூடாதா என்ற ஏக்கம் தோன்றுவதை முகத்திலேயே காணலாம்.

ஏறும்போது மூச்சு வாங்கும். தண்டனை இறக்கத்தில்தான் இருக்கிறது. இறங்குகையில் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. அதில் விழும் நுண்ணிய சேதம் ஒன்றிரண்டு நாள் கழித்தே உச்ச வலியாகிறது. ஞாயிறன்று மலையிறங்கியவர் செவ்வாயன்று அலுவலகப் படியில் பக்கவாட்டில் இறங்குவது இதனால்தான்.

ஆனாலும் உச்சியில் நின்று பார்த்தால் கீழே கல்யாண மகாலின் கூர்முடி, ஆனைக்குளம், களஞ்சியம், சுற்றிலும் பச்சை வயல். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்று பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று மட்டும் இங்கே. குழுவிலிருந்து பிரிந்து தனியே இவ்வளவு தூரம் ஓடிவந்த கோட்டை என்பதால் ஓட்டக்காரர்களுக்கு இதன்மேல் தனிப் பாசம்.

இதே மாவட்டத்தில், ஆரோவில்லில் பிப்ரவரி மாதம் நடக்கும் மாரத்தானுக்கும் இவர்கள் வேன் பிடித்துப் போவதுண்டு. ஒரு காலத்தில் பொட்டலாகக் கிடந்த செம்மண் மேட்டில் வளர்க்கப்பட்ட காட்டினூடே அப்பாதை செல்கிறது. வென்றவர் யார் என்பதைவிட ஓடியது மகிழ்ச்சியா என்பதே அங்கு முதன்மை. காலையில் மகிழ்ச்சிக்காக ஓடியவர்கள் மாலையில் வேனில் "உனக்கு எவ்ளோ நேரம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே திரும்புவார்கள்.

6. மையச் சான்று: நட்பு

எடையும் இல்லை, பரிசும் இல்லை, புண்ணியமும் இல்லை. எனில் துரத்துவது எது?

தடயம் பேச்சில் கிடைக்கிறது. மூச்சு முட்டாமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் அதுவே நெடுநேரம் ஓடத் தகுந்த வேகம் என்பது பயிற்சியாளர் அனைவரும் கூறும் சோதனை. செஞ்சியில் இச்சோதனை மிகையாகவே நிறைவேறுகிறது. நெல் விலை, மகளின் கவுன்சிலிங், யாரோ வாங்கிய மனை, அதன் பட்டாச் சிக்கல் ஆகியவை கோட்டை தொடங்கி ஊர் திரும்பும்வரை இடையறாது பேசப்படுகின்றன. பெட்ரோல் பங்க் மேட்டில் மட்டும் சற்று மௌனம். அங்கும் கேட்பவர்தான் மௌனம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளிடம் நடந்த ஓர் ஆய்வு, தனியே துடுப்பு வலித்தபோதைவிடச் சேர்ந்து வலித்தபின் வலி தாங்கும் திறன் கூடியிருந்ததாகக் காட்டியது. பட்டாச் சிக்கலை ஒன்பது கிலோமீட்டர் தாங்குவதற்கும் இதுவே விளக்கம்.

வரலாற்றுச் சான்று இதனினும் வலிது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்துச் சிறு படையோடு களம் சென்று மாண்ட செஞ்சித் தலைவன் தேஜ்சிங்கைத் தமிழர் தேசிங்கு ராஜன் என்று பாடினர். அக்கதைப்பாடலில் அவன் நண்பன் மோவுத்துகானுக்கு அன்று திருமணம். அழைப்பு வந்தது, மாப்பிள்ளைக் கோலத்திலேயே குதிரையேறிப் போருக்கு வந்து மாண்டான். வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கவில்லை. "நாளைக்குப் போலாமே" என்று சொல்லவில்லை. அழைத்தவன் தனியே நிற்பானே என்பது ஒன்றே அவனுக்குக் காரணம்.

இனி இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நோக்குக: "ண்ணே, காலைல அஞ்சுக்கு?" பதில், கட்டைவிரல் குறி. விடியலில் மழை தூறுகிறது. போர்வை இதமாக இருக்கிறது. உடம்பு வேண்டாம் என்கிறது. ஆனால் மந்தைவெளி முனையில் அவன் நின்றுகொண்டிருப்பானே. எழுகிறார். மோவுத்துகானைக் கிளப்பிய விசையும் இதுவே. அளவில் மட்டும் வேறுபாடு.

7. முடிபும் பரிந்துரையும்

அ. செஞ்சியில் எவரும் காரணமின்றி ஓடுவதில்லை. பழைய ஓட்டக்காரரைப் பகைவர் துரத்தினர். புதியவரை நண்பர் துரத்துகிறார். பகைவரிடமிருந்து தப்பிக்கவாவது மதில் உண்டு.

ஆ. முனையில் நிற்கும் அந்த நண்பரையும் ஆய்வாளர் தனியே விசாரித்தார். தாமும் தூங்கவே விரும்பியதாகவும், "அவரு வந்து நிப்பாரே, பாவம்" என்றே எழுந்து வந்ததாகவும் அவர் ஒப்புக்கொண்டார். ஆக இருவரும் தூங்க விரும்பி, ஒருவருக்காக மற்றவர் ஓடுகின்றனர்.

இ. இவ்வுண்மையை இருவரில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னாலும் செஞ்சியில் ஓட்டம் அன்றோடு நின்றுவிடும். நாய்களுக்கும் வேலை போகும். எனவே இக்கட்டுரை அவ்விருவர் கைக்கும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.