‘இங்க என்ன இருக்கு?’: புறநகரில் பார்க்கத்தக்க இடங்கள் குறித்த ஐந்திணை ஆய்வு

ஆய்வுப் பொருள்

ஊரிலிருந்து வந்த உறவினர் இரண்டாம் நாள் காலைக் காபியை முடித்ததும், “பக்கத்துல பார்க்கிற மாதிரி என்ன இருக்கு மாப்ளே?” என்று கேட்பார். வீட்டுக்காரர், “இங்க என்ன இருக்கு மாமா, ஒண்ணும் கிடையாது. சாயங்காலம் மெரினா போலாம்” என்பார். சென்னைப் புறநகரெங்கும் வழங்கும் இவ்விடை இதுகாறும் முறைப்படி ஆராயப்படவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

களம்

வடக்கே பரங்கிமலை, தெற்கே வண்டலூர் உயிரியல் பூங்கா, கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, மேற்கே திருநீர்மலை. இவ்வெல்லைக்குள் ஜி.எஸ்.டி. ரோடும் மின்சார ரயிலும் அருகருகே ஓடும் நிலம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகியன இதன் தலையூர்கள்.

கருதுகோள்

ஓர் இடம் வீட்டுக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ, அவ்வளவு காலம் அங்கே போகாமல் இருப்போம். ‘எப்ப வேணாலும் போலாம்’ என்ற நம்பிக்கையே காரணமாதலின், இதனை எப்பவேணா விதி என்க. திருப்பதிக்கு மாதக்கணக்கில் முன்பதிவு செய்து போய்வருபவர், ஆட்டோவில் பத்து நிமிடத்தில் இருக்கும் திரிசூலத்துச் சோழர் காலச் சிவன் கோயிலுக்கு அடுத்த வாரம் போவதாக இருக்கிறார். அந்த அடுத்த வாரம் அவர் குடிவந்த ஆண்டிலிருந்தே நிலுவையில் உள்ளது.

தகவலாளிகள்

தரவு மூவகையினரிடம் திரட்டப்பட்டது. ஆட்டோ ஓட்டுநர், “எல்லாரும் மாலுக்குத்தான் சார் போறாங்க” என்றார். இதனைப் புள்ளியியல் சான்றாகக் கொள்க. வாக்கிங் போகும் ஓய்வுபெற்ற பெரியவர் இடத்தைச் சொல்லுமுன் 1970களில் அது எப்படி இருந்தது என்று சொல்வார். இடத்தின் பெயர் வருவதற்குள் வீடு வந்துவிடும். டீக்கடைக்காரருக்கு எல்லா இடமும் தெரியும், ஆனால் கடையை விட்டு எங்கும் போனதில்லை. எனவே மூவரையும் விடுத்து, பழந்தமிழ் நெறிப்படி நிலத்தையே ஐந்தாகப் பகுத்து ஆராய வேண்டியதாயிற்று.

குறிஞ்சி

பல்லாவரத்துக் குன்றுகள் ஊரார் பார்வையில் செல்போன் கோபுரம் நிற்கும் மேடு. அறிவியலார் பார்வை வேறு. 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு சரளைக் குழியில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆய்வே அந்தக் குழியிலிருந்துதான் எழுந்து வந்தது. இப்பகுதிப் பாறை கல்கத்தா வரை போய், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் அமர்ந்தது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து அந்தப் பாறை வகைக்குச் ‘சார்னோக்கைட்’ என்றே பெயரிட்டார். கல்லறைக்குப் போன கல் உலகப் புகழ் பெற்றது. உள்ளூரில் தங்கிய மலை ஜல்லியாயிற்று. மகேந்திரவர்மன் குடைந்த 7ஆம் நூற்றாண்டுக் குகை இன்று தர்காவாக வழிபாட்டில் உள்ளது. அதற்கு வழி கேட்டால், “பிரியாணிக் கடைக்குப் பக்கத்துலயா?” என்ற எதிர்க்கேள்வியே கிடைக்கிறது.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். இதற்கு ஐயமற்ற சான்று திருநீர்மலை. நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் பெருமாள் நான்கு கோலம் காட்டும் இந்தத் திவ்ய தேசம், வீட்டார் சம்மதம் தாமதமாகும் காதலர்க்குத் திருமணத் தலமாகவும் விளங்குகிறது. சினிமாக்காரர்கள் இதனை நன்கறிவர்.

முல்லை

காடும் காடு சார்ந்த இடமும். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது கிடைத்த 365 ஏக்கரில் இன்றும் புள்ளிமான் உலவுகிறது. ஆயினும் கல்லூரிக் காட்டைக் காண அட்மிஷன் சீசனில் அப்பாவாகப் போவதே எளிய வழி. 1985இல் திறக்கப்பட்ட வண்டலூர் பூங்கா அனைவர்க்கும் உரியது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். புலி நிழலைவிட்டு வெளியே வருமா என்று கம்பி ஓரம் காத்திருக்கும் குடும்பத்தைக் கண்டோர் இலக்கணத்தின் நுட்பத்தை உணர்வர். செவ்வாய்க்கிழமை போனவர் மறுநாள் வரை காத்திருப்பார். செவ்வாயன்று பூங்காவுக்கு விடுமுறை.

மருதம்

வயல் போய்ச் சந்தை நின்றது. பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிதோறும் கூடும் சந்தையில் ரோஜாச் செடி, லவ் பேர்ட்ஸ், பழைய மிக்ஸி, ஒற்றை ஸ்பேனர், யாரோ ஒருவருடைய திருமண ஆல்பத்தின் அட்டை என எதுவும் கிடைக்கும். தேடிப்போன பொருள் மட்டும் கிடைக்காது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். “ஓடுமா ஓடாதான்னு தெரியாம இதை எதுக்குங்க வாங்கினீங்க?” என்று தொடங்கும் இது, ஞாயிறு மாலை வரை நீடிப்பது மரபு.

நெய்தல்

இந்நிலத்தில் கடல் இல்லையே, நெய்தல் எங்ஙனம் எனின், தாம்பரம் ஸ்டேஷனில் போய் நிற்க. ‘கடற்கரை’ என்று பலகை போட்டு ரயிலே வரும். 1931 முதல் அந்த மின்சார ரயில் இப்படி வந்துகொண்டிருக்கிறது. உப்பங்கழிக்குப் பதிலாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு உண்டு. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறிய இந்தச் சதுப்பில் பூநாரை இறங்கும் பருவத்தில், ரோட்டோரம் வண்டியை நிறுத்தினால் டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்து போகும் ரேடியல் ரோட்டில் நின்று இருபுறமும் பார்க்க. இரக்கம் தானே வரும்.

பாலை

ஜி.எஸ்.டி. ரோடு. நண்பகல், தார், ஹாரன். உரிப்பொருள் பிரிதல், அதன் பொருட்டே மீனம்பாக்கத்தில் விமான நிலையம் அமைந்துள்ளது. தலைவன் துபாய்க்கோ டல்லஸுக்கோ பொருள்வயிற் பிரிய, செவிலித்தாய் ஊறுகாய் பாட்டிலின் எடையைக் குறைத்து மறுபடி கட்டும் துறை இங்கு நாள்தோறும் நிகழ்கிறது. குழந்தைகளுக்கோ தலைக்கு மேல் சக்கரம் தெரியத் தாழ்ந்து இறங்கும் விமானமே போதும். இப்பகுதியில் செலவின்றிக் கிடைக்கும் முதன்மையான காட்சி இதுவே.

முப்பா விதி

இத்துணை இருந்தும் உறவினர் மாலுக்கே போவது ஏன்? குடும்பம் கிளம்புமுன் எழுப்பும் வினாக்கள் மூன்று: பார்க்கிங் இருக்கா? பாத்ரூம் இருக்கா? பசிச்சா சாப்பிட ஏதாவது இருக்கா? பல்லவர் குகை இம்மூன்றிலும் தோற்கிறது. மகேந்திரவர்மன் இவற்றைக் கருதிக் குடையவில்லை. மால் மூன்றிலும் முதல் வகுப்பு. அஃதேல் மாலுக்கே அழைத்துப் போவது தகாதோ எனின், அற்றன்று. அவர் ஊரிலும் மால் வந்துவிட்டது. அங்கே அவர் போகவில்லை, பக்கத்தில்தானே இருக்கிறது என்று.

பரிந்துரைகள்

ஒன்று: குன்றேறுவோர் காலை ஏழு மணிக்குள் ஏறி இறங்குக, சார்னோக்கைட் சூட்டை நன்கு சேமிக்கும்.

இரண்டு: சந்தைக்குப் போகையில் கையில் எண்ணி வைத்த பணத்துடன் மட்டும் போக.

மூன்று: உள்ளூரைக் கண்டறியும் கருவி உறவினர் ஒருவரே எனத் தெளிவாதலின், குடியிருப்போர் நலச் சங்கங்கள் தெருவுக்கு ஒருவரைச் சுழற்சி முறையில் வரவழைக்க. அவர் வெளியூர்க்காரராக இருத்தல் வேண்டும். இரண்டு ஸ்டேஷன் தள்ளிக் குடியிருக்கும் சித்தப்பா இவ்வாய்வுக்குப் பயன்படார். அவர் வீட்டுக்குப் போயே பல வருடம் ஆகிறது. பக்கத்தில்தானே இருக்கிறார், எப்ப வேணாலும் போலாம்.