வாழைக்கு ஊற்றுங்கள், தாய்மார்களே!

குளித்த தண்ணீரை வீணாக்காதே என்று புத்தி சொல்லும் தகுதி விழுப்புரம் மாவட்டத்தில் யாருக்கெல்லாம் உண்டு? ஏரிப் பகுதியில் பேருந்து நிலையம் கட்டி, மழைக்கு மழை பேருந்துகளை நீந்தவிட்டவர்களுக்கு உண்டு. தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாயில் தடுப்பணை கட்டி, சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், அதன் ஒரு பகுதியை ஆற்றோடு வழியனுப்பியவர்களுக்கு உண்டு. அதே ஆண்டு நவம்பரில் எல்லீஸ் அணைக்கட்டும் உடைந்தது. 2024இல் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழையைக் கொட்டிவிட்டுப் போனது. அதில் எத்தனை சொட்டுப் பிடித்தீர்கள் என்று எந்த அதிகாரியையும் யாரும் கேட்கவில்லை. கேள்வியெல்லாம் வீட்டிலிருக்கும் ஆயாவிடம்தான்: "பாத்திரம் கழுவற தண்ணிய இன்னா பண்றீங்க?"

இன்னா பண்ணுவார்? மாமியார் பண்ணியதைத்தான். புழக்கடையில் வாழை, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தென்னை, சாக்கடை ஓரம் சேம்பு. சாம்பலும் சீயக்காயும் கலந்த அந்தத் தண்ணீருக்குத் திட்ட அறிக்கை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. இன்று அதே வாழைக்குப் போவது சோப்புத்தூள் தண்ணீர். அதிலுள்ள சோடியம் நாளடைவில் மண்ணை இறுக்கிக் களராக்கும். போர் தண்ணீரே உப்பு என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீரையும் மண்ணையும் சோதித்து, இந்த மரத்துக்கு ஊற்று, அந்தக் கீரைக்கு ஊற்றாதே என்று சொல்ல வீட்டு வாசலுக்கு யார் வருகிறார்கள்? துண்டறிக்கை வருகிறது.

துண்டறிக்கையோடு குழியும் வரும். 2021 ஆகஸ்ட் 25 அன்று ஒன்றிய அரசு 'சுஜலாம்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது: 100 நாளில் 10 லட்சம் உறிஞ்சு குழிகள். களிமண்ணில் குழி உறிஞ்சாது. சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லியை அடைத்துக்கொள்ளும். குழிக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி வேண்டும், அதை அடிக்கடி அள்ளவும் வேண்டும். அள்ளுவது எந்தக் கணக்குத் தலைப்பு? வெட்டுவதற்கு நிதி உண்டு, படம் எடுக்கச் செல்போன் உண்டு. குழி தண்ணீரை உறிஞ்சுகிறதோ இல்லையோ, நிதியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சிவிடும்.

ஊற்றத்தான் எவ்வளவு இருக்கிறது? ஜல் ஜீவன் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நாலு பேர் வீட்டில் 220. கழிப்பறைக்கும் குடிப்பதற்கும் போக, மிஞ்சுவது 150 என்று வையுங்கள். சித்திரை வெயிலில் ஒரு தென்னை மட்டும் 60 லிட்டரைத் தொடும். ஆக இரண்டு மரம், கொஞ்சம் வாழை. இதைத்தான் பாசனப் புரட்சி என்கிறீர்கள், அதிகாரிகளே. அதுவும் மரம் இருக்கிறவர்களுக்கு. அரை கிரவுண்டில் சுவரோடு சுவர் ஒட்டிய வாடகை வீட்டில், குளியலறையும் கழிப்பறையும் ஒரே குழாயில் இறங்குகின்றன. பிரிக்க வேண்டுமானால் டைல்ஸை உடைக்க வேண்டும். வீட்டுக்காரர் முதலில் நம் மண்டையை உடைப்பார். சரி, வாளியில் தேக்கலாம் என்றால் மறுநாளே நாறும். இன்னும் நாலு நாள் விட்டால் கொசுப்புழுவுக்கு அபராதம் என்று நகராட்சியிலிருந்து ஒருவர் வருவார்.

திண்டிவனத்துக்கு இப்படிப் பிரிக்கிற, தேக்குகிற தொல்லையே இல்லை. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் 'கிடங்கில்' என்ற ஊர் இதுதான். அவன் பாணர்களுக்கு வாரிக் கொடுத்தான். ஊர் இன்று கிடங்கல் ஏரிக்குச் சாக்கடையை வாரிக் கொடுக்கிறது. பாசனத்துக்கென்று வெட்டிய ஏரியில் கழிவுநீர். கழிவுநீரில் பாசனம் செய் என்று வீடுகளுக்கு உபதேசம்!

முடியாத காரியமா இது? இதே மாவட்டத்தின் வானூர் வட்டத்தில்தான் ஆரோவில்லின் பெரும்பகுதி இருக்கிறது. அங்கே கழிவுநீர் தொட்டிகளில் தெளிந்து, செடிகள் நட்ட ஜல்லிப் படுகையில் வடிந்து, குளத்தில் வெயில் காய்ந்து தோட்டத்துக்குப் போகிறது. நிலம் இருக்கிறது, அதைவிட, பராமரிக்க ஆள் இருக்கிறது. போய்ப் பார்க்க அரசு ஜீப்புக்கு அதிக டீசல் செலவாகாது.

டீசலும் வேண்டாம். மாணவர் விடுதி, அரசு மருத்துவமனை, காவலர் குடியிருப்பு, நகராட்சி அலுவலகம் எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கின்றன. குழாயும் உங்களுடையது, தரையும் உங்களுடையது, உடைக்க வேண்டாமென்று தடுக்க வீட்டுக்காரரும் இல்லை. அவற்றின் குளியல் தண்ணீரில் ஒரே ஒரு வாழை வளர்த்துக் காட்டுங்கள். குலை தள்ளியதும் சொல்லியனுப்புங்கள். ஆயா வந்து பாடம் கேட்பார்.